பினாங்குக் கரையின் பொடிமீன்கள்: புதிதாக வந்தவர்களுக்கு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும், கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்களும் பினாங்கில் கால் வைத்த சில நாளிலேயே கேட்பது: "இங்கே நம்ம ஊர் மீன் கிடைக்குமா?" கிடைக்கும். பெரும்பாலும் அதே மீன்தான், அல்லது அதன் பங்காளி. வங்காள விரிகுடாவும் அந்தமான் கடலும் மலாக்கா நீரிணையும் அடுத்தடுத்து ஒரே தண்ணீர். நாகப்பட்டினத்தில் காரப்பொடி என்று வாங்கியதை இங்கே கேக்கேக் என்று குவித்து வைத்திருப்பார்கள். அங்கே கிழங்கான் என்று வறுத்தது இங்கே பூந்தோங் டாமார்.

அதனால் பலர் ஒரு பெயர்ப் பட்டியலைத் தேடிப் பிடித்து மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அது பாதி வழியிலேயே கைவிட்டுவிடும். இங்குள்ள மீனவர்கள் மீனைப் பெயரிலிருந்து தொடங்கி யோசிப்பதில்லை. இன்று தண்ணீர் எப்படி என்பது முதல் கேள்வி. அடியில் சேறா மணலா பாறையா என்பது அடுத்தது. இரண்டுக்கும் பதில் தெரிந்தால் என்ன மீன் இருக்கும் என்பதை வலை போடாமலே சொல்லிவிடுவார்கள். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது. தூண்டில் போடப் போகிறவருக்கும், சந்தையில் வாங்கிச் சமைக்க மட்டும் நினைப்பவருக்கும் இது பொருந்தும். பின்னவர் தூண்டில் பற்றிய பகுதியைத் தாண்டிவிடலாம்.

முதலில் தண்ணீர்

பினாங்கில் கடல் ஒரு நாளைக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை எட்டு மணிக்கு நீர் நிறைந்திருந்தால் நாளை எட்டேமுக்கால், ஒன்பதுக்குப் பக்கத்தில். ஏற்றத்துக்குப் பாசாங், வற்றத்துக்குச் சூரூட்.

எல்லா நாளும் ஒரே அளவு ஏறுவதில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, குறிப்பாக அதற்கு அடுத்த ஓரிரு நாளில், ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. இதை ஆயர் பெசார் என்பார்கள். வடக்கத்தி மலாய் நாக்கில் 'ஆயாக் பெசாக்' என்று காதில் விழும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் நீர் சோம்பிக் கிடக்கும். அது ஆயர் மாத்தி, செத்த நீர்.

இதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு கருவி தொங்குகிறது. மளிகைக் கடையில் கொடுத்த தமிழ்க் காலண்டர்தான். திதியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, துவிதியை என்றிருந்தால் நீரோட்டம் கடுமை. அஷ்டமி, நவமி என்றால் மந்தம். தமிழ்நாட்டுக் கடற்கரைகளிலும் திதியை எண்ணித்தான் கடலுக்குப் போகிறார்கள். மாசி மகத்தன்று தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயில் தெப்பத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கடற்கரையில் நீர்க்கோடு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று கவனித்துப் பார்க்கலாம். பௌர்ணமியை ஒட்டிய விழா. ஆயர் பெசார் என்றால் என்னவென்று கண்ணாலேயே தெரியும்.

மணிக்கணக்கு வேண்டுமென்றால் அரச மலேசியக் கடற்படையின் நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. கைப்பேசிச் செயலிகளும் நிறைய. அவற்றில் பினாங்கு நிலையத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போர்ட் கிள்ளான் நேரம் இங்கே உதவாது.

பெரிய நீர் ஓடும்போது அடிச்சேறு கலங்கும். மேல்தண்ணீரில் திரியும் கெம்போங் (நம் கானாங்கெளுத்தி), செலார் (பாரை இனத்துப் பொடி) போன்றவை கலங்கலில் தடுமாறும், தெளிந்த பக்கம் விலகிப் போகும். மீசையால் தடவியும் மணம் பிடித்தும் தின்னும் கெளுத்திக்கும், சேற்றில் மேயும் கெலாமாவுக்கும் (கத்தாழை) அந்தக் கலங்கல் விருந்து. ஆகவே பௌர்ணமிக்கு மறுநாள் சந்தையில் கெம்போங் குறைவாகவும் கெலாமா நிறைவாகவும் இருந்தால் அதில் மர்மம் எதுவும் இல்லை. கரையில் நிற்பவருக்கு நல்ல நேரம், வற்றி முடிந்து நீர் திரும்பி ஏறத் தொடங்கும் அந்த முதல் ஒன்றிரண்டு மணி. வெயிலில் காய்ந்த திட்டுகளின் மேல் நீர் ஏறும்போது புழுவும் சிறு நண்டும் வெளியே வரும். அவற்றைத் தேடி மீனும் கரைக்கு ஏறும்.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரெங்கானு கரைகளை அடித்து நொறுக்கும். நமக்கு நடுவில் தீபகற்பம் மலையோடு நிற்பதால் பினாங்குக் கடல் அப்போது பெரும்பாலும் அடக்கமாக இருக்கும். ஆனால் கிழக்குக் கரையில் படகுகள் கட்டிக் கிடப்பதால் இங்கேயும் விலை ஏறும். நமக்கு ஆபத்து வேறு பருவத்தில். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கத்திலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பும் சூறைக்காற்று, விடியலுக்குச் சற்று முன்போ பின்போ வந்து விழும். மேற்கே அடிவானம் முழுக்க ஒரே கறுப்புப் பட்டை, திடீரென்று ஒரு குளிர்காற்று. அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பாறை மீதிருந்து இறங்கிவிட வேண்டும். படகுக்காரர் ஒருவர் காரணம் சொல்லாமல் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினால், நீங்களும் சுருட்டுங்கள். காரணத்தைக் கரையில் வந்து கேட்டுக்கொள்ளலாம். புறப்படுமுன் வானிலைத் துறையின் மைச்சுவாச்சா (myCuaca) செயலியை ஒரு முறை பார்ப்பதும் நல்லது.

அடுத்தது தரை

தீவை நான்கு பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வடக்கே பத்து ஃபிரிங்கியிலிருந்து தெலுக் பஹாங் வரை மணற்கரையும் இடையிடையே உருண்ட கருங்கற்பாறைகளும். மேற்கே பாலேக் பூலாவ் பக்கம், பூலாவ் பெத்தோங், சுங்கை பூரோங், கோலா சுங்கை பினாங் எல்லாம் சேறும் அலையாத்தியும். தெற்கே தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் சிறு விரிகுடாக்கள், மணலும் பாறையும் கலந்தவை. கிழக்கே தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவிலுள்ள கால்வாய், அடி சேறு, ஓட்டம் வேகம்.

கிழக்குக் கால்வாயில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியது. ஒன்று, பாலங்கள். 1985-இல் திறந்த முதல் பாலமும் 2014-இல் திறந்த இரண்டாவது பாலமும் கடலுக்குள் நூற்றுக்கணக்கான தூண்களை இறக்கி வைத்திருக்கின்றன. சிப்பியும் பாசியும் அதில் ஒட்டி வளர, பாறையே இல்லாத இடத்தில் பாறை மீன்களுக்கு வீடு கிடைத்துவிட்டது. சிறு படகுகள் தூண்களைச் சுற்றி நிற்பது அதனால்தான். மற்றொன்று, ஜெரேஜாக் தீவுக்கு வடக்கே முதல் பாலத்துக்கு அருகிலுள்ள நடுத்திட்டு. பெரிய வற்றத்தில் அங்கே கடற்புல் தலைகாட்டும். பல மீன்கள் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளரும் இடம் அது. அங்கே சிப்பி பொறுக்கப் போகிறவர்களும் உண்டு. நீர் திரும்பும் நேரம் தெரியாமல் போகக் கூடாத இடமும் அதுவே.

கண்ணுக்குத் தெரியாத அடியை எப்படி அறிவது? ஈயக் குண்டைக் கட்டி எறிந்து, மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஒரே சீராக வந்தால் மணல். ஒட்டிக்கொண்டு பிறகு விட்டு விட்டு வந்தால் சேறு; குண்டிலும் சேறு ஒட்டியிருக்கும். டொக் டொக்கென்று விரலில் தட்டினால் கல். நாலைந்து எறியில் உங்கள் முன்னால் கிடக்கும் கடலடியின் படம் கிடைத்துவிடும். தூண்டில் கடைக்காரர் எந்த விலையுயர்ந்த கருவியைக் காட்டினாலும் முதலில் இதைப் பழகுங்கள்.

பழைய ஆள்கள் சொல்லும் இடங்கள் சில இப்போது இடமாகவே இல்லை. தஞ்சோங் தோக்கோங்கிலும் கர்னி டிரைவிலும் கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். தெற்கே பெர்மாத்தாங் டாமார் லாவுட் எதிரே சிலிக்கான் தீவு என்னும் செயற்கைத் தீவுக்கான தூர்ப்பு 2023-இல் தொடங்கியது. கரையோர மீனவர்கள் அதை எதிர்த்ததற்கு இழப்பீட்டுத் தொகையைத் தாண்டிய காரணம் ஒன்று உண்டு. ஒரு கரை மாறினால் ஓட்டம் மாறும், ஓட்டம் மாறினால் மணல் இருந்த இடத்தில் சேறு படியும். அப்பா சொல்லிக் கொடுத்த இடக்குறிப்பெல்லாம் மகனுக்குப் பயன்படாமல் போகும்.

பிறகு மீன்

இப்போது பெயர்களுக்கு வரலாம். ஆனால் பெயரைக் கேட்குமுன் வாயைப் பாருங்கள். வாய் மேல்நோக்கித் திறந்தால் மேல்தண்ணீர் மீன். கீழ்நோக்கி இருந்தால் அடியில் மேய்வது. வாயைப் பிடித்து இழுத்தால் குழாய் போல நீண்டு வந்தால் அது மணலையும் சேற்றையும் உறிஞ்சித் தின்னும் வகை. கூடவே தாடைக்கடியில் மீசை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கெம்போங்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மலேசியாவின் அன்றாட மீன் அதுதான். நம் கானாங்கெளுத்தி இனம். அயலை என்று கேரளப் பக்கத்தவர் சொல்வது. பினாங்கிலும் கெடாவிலும் இதைத் தெமெனோங் என்றும் சொல்வார்கள். சந்தையில் இரண்டு பெயரும் கேட்கும், குழம்ப வேண்டாம். குழப்பம் இன்னொன்றில்தான். கெம்போங் ஜந்தான் அல்லது லெலாக்கி என்று ஒன்றையும், கெம்போங் பெரெம்புவான் என்று ஒன்றையும் பிரித்து விற்பார்கள். ஆண், பெண் என்று பொருள். ஆனால் அவை ஒரே மீனின் ஆணும் பெண்ணும் அல்ல. இரண்டு தனி இனங்கள். ஒல்லியாக நீண்டிருப்பது 'ஆண்', உடம்பு அகன்று தட்டையாக இருப்பது 'பெண்'. 'ஆண்' மீனைக் கீறிச் சினை இருக்கக் கண்டு திகைக்காதீர்கள். குழம்புக்கு அகன்றது, வறுக்க ஒல்லியானது என்பது என் கட்சி. என் வீட்டிலேயே இதற்கு எதிர்க்கட்சி உண்டு.

கெம்போங் கூட்டமாக வாயைத் திறந்தபடி நீந்தி, செவுளில் உள்ள சீப்பு போன்ற முட்களால் மிதவை உயிர்களை வடிகட்டித் தின்னும். செவுள்மூடியைத் தூக்கிப் பார்த்தால் அந்த முட்கள் இறகு போல நீண்டு தெரியும். சந்தையில் மீன்காரரிடம் கேட்டுவிட்டுத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்கிறதா என்பதும் அதோடு தெரிந்துவிடும். தாய்லாந்திலிருந்து பெட்டியில் வரும் கெம்போங்கும் இங்கே நிறைய. கெட்டதில்லை, ஆனால் பனியில் பயணம் செய்தது.

செலார் கூனிங் பாரை இனத்துப் பொடி. உடம்பில் ஒரு மஞ்சள் கோடு, செவுளுக்கு மேல் ஒரு கறுப்புப் புள்ளி. மொறுமொறுவென்று வறுத்து முள்ளோடு கடித்துத் தின்பதற்கென்றே பிறந்தது. அதன் பெரிய உறவு செஞ்சாரு, தமிழ்நாட்டில் வங்கடை. வால் பக்கம் ரம்பம் போல் கெட்டியான செதில் வரிசை கையைக் கிழிக்கும். மலாய்க்காரர்கள் வயிற்றைத் தொடாமல் முதுகைக் கீறி, தேங்காயும் மிளகாயும் அரைத்த சம்பலை அடைத்து வறுப்பார்கள். அந்த வாசனை அண்டை வீடுகளையும் எட்டும்.

தம்பான் நம் சாளை, சூடை வகையறா. வயிற்றின் அடிவிளிம்பை விரலால் வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் அரம் போல் உரசும். மீன்கூட்டத்தில் இதைப் பிரித்தறிய அந்த உரசல் போதும். பிலிஸ் நெத்திலி, பச்சையாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். பிடித்தவுடன் படகிலேயே உப்புத் தண்ணீரில் அவித்துக் கரையில் காயவைப்பதால் பெரும்பகுதி கருவாடாகத்தான் நம் கைக்கு வரும்.

கேக்கேக், நம் காரப்பொடி. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக, வெள்ளி மினுமினுப்போடு, வழுவழுவென்று கோழை பூசியிருக்கும். இழுத்தால் வாய் குழாயாக நீளும் என்றேனே, அதற்கு இதுதான் சரியான உதாரணம். புதியவர்கள் கோழையைப் பார்த்துக் கெட்டுப்போனதென்று ஒதுக்கிவிடுவார்கள். நேர்மாறாக, நல்ல மீனுக்குத்தான் அந்தக் கோழை தெளிவாக இருக்கும். கலங்கி மஞ்சளானால்தான் வேண்டாம். இந்த மீனுக்கு உணவுக்குழாயைச் சுற்றி ஓர் உறுப்பு உண்டு. அதில் ஒளிவிடும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. இரவில் இது மங்கலாக ஒளிரும். பகலில் அதைச் சந்தைத் தட்டில் பார்ப்பவருக்கு இது தெரிய வழியில்லை. சேற்றுத் தரையின் மேல் பெரும் கூட்டமாக வாழ்வதால் மலிவு. முள் அதிகம், ரசம் போல் வைத்த புளிச்சாற்றுக்கு இதை மிஞ்ச ஆள் கிடையாது.

பூந்தோங் டாமார், கிழங்கான், மணற்கரைக்கே உரியது. பத்து ஃபிரிங்கியில் முழங்கால் ஆழத்திலேயே மேயும். ஆள் நடமாட்டம் கண்டால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். ஆகவே அதிகாலையில், சுற்றுலாப் பயணிகள் எழுவதற்கு முன். மெலிந்த வெள்ளைச் சதை. குழந்தைகளுக்குக் கொடுக்க இதைத்தான் சொல்வேன்.

பெலானாக், மடவை. ஆற்றுமுகத்தில் நீருக்கு மேல் துள்ளுவது இதுதான். சேற்றுப் பாசியைச் சேற்றோடு சேர்த்து உறிஞ்சுவதால் கோழிக்கு இருப்பது போன்ற தடித்த அரைவைப் பை இதன் வயிற்றில் உண்டு. தெரிந்தவர்கள் அதைத் தனியாக எடுத்து வறுப்பார்கள். இது தின்னும் சேற்றின் தரம்தான் இதன் தரம். ஜோர்ஜ் டவுன் நகருக்குள் ஓடிவரும் சுங்கை பினாங் முகத்தில் துள்ளும் பெலானாக்கைப் பார்த்து ரசியுங்கள், சட்டிக்கு வேண்டாம். பாலேக் பூலாவ் பக்கத்து மடவை வேறு கதை.

கெலாமா, கத்தாழை. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நீர்ப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து இது ஒலி எழுப்பும். கூட்டம் பெரிதானால் படகின் அடிப்பலகை வழியாகவே அந்த ஒலி கேட்கும் என்பார்கள் மீனவர்கள். கிழக்குக் கரையில் திரெங்கானுவில் இதையே ஒரு கலையாக வளர்த்தார்கள். ஜூரு செலாம் எனப்படுபவர் தலையை நீருக்குள் அமிழ்த்திக் காது கொடுத்து, என்ன மீன், எந்தப் பக்கம், எவ்வளவு கூட்டம் என்று சொல்ல, அதை வைத்தே வலை வீசுவார்கள். என்ஜின் சத்தமும் எதிரொலிக் கருவியும் வந்தபின் அந்தக் காதுகள் அருகிவிட்டன. கெலாமாவின் தலையை உடைத்தால் உள்ளே வெள்ளைக் காதுக்கல் இரண்டு கிடைக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சதை மென்மையாகச் சீக்கிரம் குழைந்துவிடும் என்பதால் பச்சையாக வாங்குவதைவிடக் கருவாடாக வாங்குவதே மேல்.

மற்றவை சுருக்கமாக. தாடையில் இரண்டு மீசையோடு இளஞ்சிவப்பாக இருப்பது பீஜி நங்கா, நம் நவரை. மீசையில்லாத இளஞ்சிவப்பு, கொஞ்சம் ஆழத்து மீன், கெரிசி; சங்கரா என்று கேட்டுப் பழகியவர்கள் இதை வாங்கலாம். மூக்கு முன்னால் துருத்திக்கொண்டு, மார்பருகே நாலு நூல் தொங்கினால் செனாங்கின், காலா வகை. விலை கூடுதல், தகும்.

இவை அனைத்தையும் கரைக்கு இழுத்து வருவது கெராகாவ், நம் கூனி. பெலாச்சான் என்னும் கூனி விழுதும், செஞ்சாலோக் என்னும் புளித்த கூனி ஊறலும் இதில்தான் செய்கிறார்கள். கத்தரிக்கோல் போல் விரித்த கழிகளில் கட்டிய சுங்கூர் வலையை மார்பளவு நீரில் தள்ளிக்கொண்டு யாராவது நடப்பதைப் பார்த்தால் கூனி வந்திருக்கிறது என்று பொருள். கூனி வந்தால் பின்னாலேயே மற்றவையும் வரும். அன்றைக்குத் தூண்டிலை வீட்டில் விட்டுவிட்டு வந்தோமே என்று வருந்துவீர்கள்.

தொடக் கூடாதவை

செம்பிலாங், நம் இருங்கெளுத்தி: முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஆக மூன்று நச்சு முள். குஞ்சுகள் கறுப்புப் பந்தாகத் திரண்டு கரையோரம் உருளும். பிள்ளைகள் கையில் அள்ளப் போவார்கள், விடாதீர்கள். டூரி என்னும் கெளுத்திக்கும் அதே மூன்று இடத்தில் முள். டெங்கிஸ் என்னும் ஓராவுக்கும், உடம்பெல்லாம் புள்ளி போட்ட கீத்தாங்குக்கும் துடுப்பு முட்களிலெல்லாம் நஞ்சு. செத்த பின்னும் முள் குத்தும், சந்தைத் தட்டிலும் குத்தும். பாரி, அதாவது திருக்கை, ஆழமற்ற சேற்றில் படுத்திருக்கும். நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போகும். பாறையிடுக்கில் கல்லோடு கல்லாகக் கிடப்பது லெப்பு. வெறுங்காலோடு பாறையில் இறங்காதீர்கள்.

குத்திவிட்டால், கை தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள். இந்த மீன்களின் நஞ்சு புரதம். சூட்டில் வீரியம் இழக்கும். வலி தணியும் வரை, அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை, நீர் ஆற ஆற மாற்றுங்கள். குத்துப்பட்ட கையால் சூட்டைச் சோதிக்காதீர்கள், அது மரத்திருக்கும், வெந்துபோகும். பிறகு மருத்துவரிடம் போங்கள். முள் உடைந்து உள்ளே இருக்கலாம், ரணஜன்னி ஊசியும் தேவைப்படலாம். மேற்குப் பக்கம் இருந்தால் பாலேக் பூலாவ் அரசு மருத்துவமனை அருகில். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் 999.

பூந்தால், பேத்தை மீன், தனி வகுப்பு. புதியவர் தூண்டிலில் அடிக்கடி மாட்டுவது, நரம்பைக் கடித்து அறுப்பது, காற்றடைத்துப் பந்தாகிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது. ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. மாற்று மருந்து கிடையாது. யாராவது 'சுத்தம் செய்யத் தெரியும்' என்று கொடுத்தாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்வது

படகுக்காரர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்களும் சீனர்களும். நம் ஆள்கள் படகில் குறைவு, பாறைகளிலும் ஜெட்டிகளிலும் அதிகம். தெலுக் பஹாங் ஜெட்டியும் பத்து மாவுங் பக்கமும் தொடங்க நல்ல இடங்கள். காலையில் படகு வந்து மீன் பிரிக்கும் நேரத்தில் குறுக்கே நிற்காதீர்கள். வலையைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். வேலை முடிந்து வலையில் பொத்தல் தைத்துக்கொண்டிருக்கும் நேரம்தான் பேச்சுக்கு ஏற்றது. பெரியவரைப் பாக்சிக் என்றும், நடுவயதுக்காரரை அபாங் என்றும், சீனப் பெரியவரை அங்கிள் என்றும் கூப்பிடுங்கள். "பாக்சிக், இக்கான் அப்பா நி?" (இது என்ன மீன்?) போதும். உடைந்த மலாயைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் சிரிப்பார்கள்.

'எங்கே பிடித்தீர்கள்' என்று முதல் நாளே கேட்பது மரியாதையில்லை. அது அவர் சோற்றுப் பானை. 'இன்றைக்குத் தண்ணீர் எப்படி', 'எந்தக் காற்றுக்கு இது வரும்' என்று கேளுங்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் தாராளமாகப் பேசுவார்கள், கடைசியில் இடமும் அதிலேயே வந்துவிடும். அரை கிலோ ஏதாவது வாங்குங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நாள், மலாய்ப் படகுகள் பல போகாது. சீனப் புத்தாண்டுக்குச் சீனப் படகுகள் நிற்கும். அந்த நாள்களில் சந்தையில் பழைய மீன் தலைகாட்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பேச்சில் ஒரு புகார் தவறாமல் வரும்: புக்காட் துண்டா, இழுவைப் படகுகள். கரையை ஒட்டிய கடல் சிறு வலைக்காரர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதற்குள் இழுவைப் படகு புகுந்தால் அடித்தரையே உழுதுபோகும், கேக்கேக் குஞ்சும் கெலாமா குஞ்சும் கண்ணி வித்தியாசமில்லாமல் அள்ளப்படும். விரலளவு குஞ்சு குவிந்திருக்கும் தட்டில் வாங்காமல் நகர்வது நம்மால் முடிந்தது.

நேரமிருந்தால் ஒரு காலை வடக்கே, கெடா எல்லையை ஒட்டியிருக்கும் கோலா மூடா போய் வாருங்கள். அங்கே ஏலத்தில் வாங்குவோர் தங்கள் விலையை விற்பவர் காதில் கிசுகிசுப்பார்கள். பாசார் பீசிக் என்று பெயர். அடுத்தவன் என்ன விலை சொன்னான் என்று தெரியாமலே ஏலம் முடியும்.

தூண்டில் போடுவதானால்

அதிகம் வாங்காதீர்கள். மெல்லிய தங்கூசி நரம்பு, சிறிய தூண்டில் முள், ஒரு கை ஈயக் குண்டு, எளிய கோல். சின்ன மீனுக்குச் சின்ன முள். கெம்போங், செலார் பிடிக்கப் படகில் போனால் அப்பல்லோ என்று கடையில் கேளுங்கள்; ஒரே நரம்பில் மினுக்குத் தாள் கட்டிய பல முட்கள், இரையே வேண்டாம். கிழங்கானுக்கும் கெலாமாவுக்கும் உம்புன்-உம்புன் புழு. மடவைக்கு ரொட்டித் துண்டு. சேறு என்றால் குண்டு கனமாக, பாறை என்றால் இலேசாக, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கடலுக்கே காணிக்கை கொடுக்க வேண்டியிருக்கும். அறுந்த நரம்பைப் பாறையில் விட்டுவிட்டு வராதீர்கள். வெடி, நஞ்சு, மின்சாரம் வைத்து மீன் பிடிப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். செய்பவரைக் கண்டால் அருகில் நிற்கக்கூட வேண்டாம்.

பனியும் அடுப்பும்

இந்த வெயிலில் மீன் பிடித்த அரைமணியிலேயே கெடத் தொடங்கும். மீனுக்குச் சம எடை பனி என்பது இங்கே பொதுக் கணக்கு. பெட்டியின் அடியில் பனி, மேலே மீன், அதன் மேல் மறுபடியும் பனி. கொஞ்சம் கடல்நீர் ஊற்றிக் கூழாக்கினால் இன்னும் வேகமாகக் குளிரும். உருகிய நல்ல தண்ணீரில் மீனை ஊறப்போடாதீர்கள், சதை வெளுத்துப்போகும்.

கெம்போங், செஞ்சாரு, தம்பான் ஆகியவற்றில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். சூட்டில் வைத்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாகிவிடும். நாற்றம் இல்லாமலும் உண்டாகும், கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உதடு எரிந்து, அரிப்பும் தலைவலியும் வந்தால், 'எனக்கு மீன் ஒவ்வாமை' என்று நினைத்துவிடுவார்கள் பலர். பெரும்பாலும் அது மீனின் குற்றமில்லை, பனியின் குறை. சந்தையிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் மீன்காரரிடம் ஒரு கை பனி கேட்டுப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். சௌராஸ்தா, ஆயர் ஈத்தாம் சந்தைகளில் கேட்டால் கொடுப்பார்கள்.

சமையலுக்கு ஒரே ஒரு யோசனை. இங்கத்திய கெம்போங்குக்கு நம் மிளகாய்த்தூள் குழம்பை அப்படியே வைக்கலாம், ஆனால் புளியைப் பாதியாகக் குறைத்து, ஆசாம் கெப்பிங் என்னும் காய்ந்த புளிப்புத் துண்டு இரண்டும் வெண்டைக்காயும் போட்டுப் பாருங்கள். மறுநாள் காலை அந்தக் குழம்பைச் சூடு பண்ணும்போது மீனைக் கரண்டியால் கிண்டாதீர்கள், சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள்.